காலாண்டுத் தேர்வு வேண்டாம் என்று சொல்வது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. கணக்கு சம்பந்தப்பட்டது. "நமக்கெதுக்கு இதெல்லாம்" என்று தாண்டிப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் உங்கள் வீட்டில் ஒருவராவது செல்போனில் டீமேட் கணக்கு வைத்திருந்தால் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் மகளின் காதுகுத்துக்கு அழைப்பிதழ் வைக்க வந்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் வேலை. காபி குடித்துக்கொண்டே சொன்னான்: "டீச்சர், இனிமே கம்பெனிங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரிசல்ட் குடுக்க வேண்டியதில்லன்னு வந்துடும் போல. அமெரிக்காவுல டிரம்பே சொல்லிட்டாரு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போதும்னு. இங்கயும் வந்தா நல்லதுதான். கம்பெனிக்கு அது பெரிய தொல்லை டீச்சர்."

"யாருப்பா இதைக் கேக்குறது? நல்லா படிக்கிற பிள்ளையா, படிக்காத பிள்ளையா?" என்றேன். சிரித்தான். பதில் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தேர்வு வெறி பிடித்தவள் அல்ல. சின்னப் பிள்ளைகளுக்குத் தேர்வைக் குறைக்க வேண்டும் என்று ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசி, மூத்தவர்களிடம் திட்டு வாங்கியவள். ஆனால் பிள்ளை வேறு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு ஊரார் பணத்தை வாங்கி வைத்திருக்கும் கம்பெனி வேறு. பிள்ளை தோற்றால் அடுத்த வருஷம் எழுதும். கம்பெனி தோற்றால் போட்ட பணம் போனதுதான்.

டிரம்ப் சொன்னது உண்மை. 2025 செப்டம்பரில் சொன்னார். அமெரிக்காவில் 1970 முதல் மூன்று மாதக் கணக்கு கட்டாயமாக இருக்கிறது. ஐரோப்பாவும் பிரிட்டனும் பத்து வருஷத்துக்கு முன்பே அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதுவும் நஷ்டத்தில் ஓடும் கம்பெனிக்கு இப்போது இருப்பது போதாது, இன்னும் இறுக்க வேண்டும் என்பதும் என் கட்சி.

தெரியாதவர்களுக்காக விதியைச் சொல்கிறேன். பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் வரவு செலவு முடிவுகளைப் பங்குச் சந்தைக்குக் கொடுக்க வேண்டும். ஜூனில் முடிந்த காலாண்டுக்கு ஆகஸ்ட் 14. செப்டம்பருக்கு நவம்பர் 14, குழந்தைகள் தினம். டிசம்பருக்கு பிப்ரவரி 14. மார்ச்சோடு வருஷமே முடிவதால் 60 நாள் அவகாசம், மே 30. செபி போட்ட விதி இது. நம் பள்ளிக்கூடத்துக் காலாண்டு, அரையாண்டு, முழுஆண்டு மாதிரியேதான்.

ஆனால் திருத்துகிற விதத்தில் வித்தியாசம் இருக்கிறது. முழுஆண்டுக் கணக்கைத்தான் ஆடிட்டர் முறைப்படி தணிக்கை செய்வார். இடையில் வருவதற்குப் பெரும்பாலும் 'வரையறுக்கப்பட்ட ஆய்வு'தான். கணக்காளர்களிடம் சில கேள்வி கேட்டு, எண்களை ஒப்பிட்டுப் பார்த்து, "தவறு இருப்பதாக எங்கள் கவனத்துக்கு எதுவும் வரவில்லை" என்று எழுதிக் கொடுப்பது. விடைத்தாளைத் திருத்துவது ஒன்று, மதிப்பெண் பட்டியலைக் கூட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது இன்னொன்று. இரண்டையும் செய்தவள் நான். வித்தியாசம் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. மார்ச் காலாண்டுக்கென்று வரும் எண்களுக்குக் கீழே ஒரு குறிப்பு இருக்கும். முழுவருஷத் தணிக்கை எண்ணிலிருந்து ஏற்கெனவே வெளியிட்ட ஒன்பது மாத எண்ணைக் கழித்து வந்த மிச்சம் இது என்று. அதாவது முதல் மூன்று காலாண்டுகளில் செய்த தப்புகளை எல்லாம் சரிக்கட்டினால், அது கடைசிக் காலாண்டின் தலையில் வந்து விழும். நஷ்டக் கம்பெனிகள் பல மார்ச் காலாண்டில் திடீரென்று குப்புற விழுவதைப் பார்த்தால் இந்தக் குறிப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எனக்கு ஏன் இந்த ஆத்திரம் என்று கேட்பீர்கள்.

என்னோடு ஒரே பள்ளியில் பதினோரு வருஷம் வேலை பார்த்த அக்கா ஒருவர் இருக்கிறார். என்னைவிட நாலு வயது மூத்தவர். கணவர் இல்லை. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வீட்டுக் கடனை அடைத்தது போக மிச்சம் வைத்திருந்தார். அதிலிருந்து மூன்று லட்சம் எடுத்து, தங்கை மகன் பேச்சைக் கேட்டு ஒரு கம்பெனிப் பங்கு வாங்கினார். கம்பெனி பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை, பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். வாங்கியதற்குக் காரணம் செய்தித்தாளில் வந்த ஒரு தலைப்பு: நஷ்டம் பாதியாகக் குறைந்தது. "பாதியாயிடுச்சுன்னா அடுத்த வருஷம் லாபம்தானே" என்று அக்கா கணக்குப் போட்டார். நானாக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

இன்றைக்கு அந்த மூன்று லட்சம் ஐம்பதாயிரத்துக்குக் கீழே நிற்கிறது.

அக்கா என்னிடம் அந்தக் காகிதங்களைக் கொண்டுவந்து காட்டியபோதுதான் நான் முதன்முதலில் ஒரு காலாண்டு முடிவை முழுசாகப் படித்தேன். இரண்டு பேரும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தோம். நஷ்டம் பாதியானது உண்மை, பொய்யில்லை. ஆனால் நாலாவது பக்கத்தில் ஏழாவது குறிப்பாக, எறும்பு மாதிரி எழுத்தில், கம்பெனி தொடர்ந்து நடப்பதே சந்தேகம் என்ற பொருளில் நாலு வரி இருந்தது. அதை எந்தத் தலைப்பும் சொல்லவில்லை. தங்கை மகனும் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாது, பாவம்.

அதற்குப் பிறகு எனக்கு இது ஒரு பழக்கமாகிவிட்டது. சிலர் ஓய்வுக்குப் பிறகு கோயில் கோயிலாகப் போகிறார்கள். நான் நஷ்டக் கம்பெனிகளின் காலாண்டு முடிவுகளைப் படிக்கிறேன். மருமகள் சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

அப்படிப் படித்ததில் என் மனதை விட்டுப் போகாதது ஜெட் ஏர்வேஸ் கதை. பலருக்கு விமானம் நின்றது ஞாபகம் இருக்கும். அதற்கு முன் எட்டு மாதம் என்ன நடந்தது என்பது ஞாபகம் இருக்காது.

2018 ஆகஸ்ட் 9. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கான முடிவை ஒப்புக்கொள்ள இயக்குநர் குழு கூடியது. கூடிவிட்டு, முடிவை வெளியிடாமல் தள்ளிப் போட்டது. தணிக்கைக் குழு அந்தக் கணக்கைப் பரிந்துரைக்கவில்லை, சில விஷயங்கள் முடியவில்லை என்றார்கள். ஆகஸ்ட் 14 கெடு தாண்டியது. ஆகஸ்ட் 27-ல் ஒருவழியாக வெளியானது: 1,323 கோடி ரூபாய் நஷ்டம். அதற்கு முந்தைய வருஷம் அதே மூன்று மாதத்தில் லாபம் காட்டிய கம்பெனி அது.

முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளோடு இருந்தவளுக்கு இது புதுசில்லை. ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்து வாங்கி வரச் சொன்னால், "அப்பா ஊருக்குப் போயிட்டாரு டீச்சர்" என்று ஒரு வாரம் இழுக்கும் பிள்ளை எத்தனை மார்க் வாங்கியிருக்கும் என்பதைக் கார்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஆகஸ்ட் 9-ஆம் தேதி வராத அந்தக் காகிதம்தான் ஜெட் ஏர்வேஸ் பங்குதாரருக்குக் கிடைத்த மிகத் தெளிவான எச்சரிக்கை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று விதி இருந்திருந்தால் ஆகஸ்டில் கெடுவே கிடையாது, கெடு தாண்டியதும் கிடையாது. நவம்பர் வரைக்கும் ஊருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

இப்படித் தாமதித்தால் அபராதம் எவ்வளவு தெரியுமா? பங்குச் சந்தைகள் விதிப்பது நாளொன்றுக்கு 5,000 ரூபாய். 13 நாளுக்குக் கணக்குப் போட்டால் 65,000 ரூபாய். மூன்று மாதத்தில் 1,323 கோடி இழந்த கம்பெனியை இந்தப் பிரம்பு மிரட்டுமா?

கதை இன்னும் முடியவில்லை. அடுத்த காலாண்டில், 2018 செப்டம்பரோடு முடிந்ததில், நஷ்டம் 1,297 கோடி. அதற்கடுத்து டிசம்பரோடு முடிந்ததில் 588 கோடி. பார்த்தீர்களா? பாதிக்கும் கீழே! எங்கள் அக்கா வாங்கியிருப்பார். இந்த 588 கோடிக் கணக்கு வெளியானது 2019 பிப்ரவரி 14. ஏப்ரல் 17-ஆம் தேதி கடைசி விமானம் பறந்தது. சரியாக 62 நாள். நஷ்டம் பாதியாகக் குறைந்த கம்பெனிக்கு பெட்ரோல் போடக் காசில்லை, சம்பளம் கொடுக்கக் காசில்லை, வங்கிகள் மேற்கொண்டு கடன் தரவில்லை. அந்த ஜூனில் திவால் நடவடிக்கை. 2024 நவம்பரில் கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. கலைக்கும்போது பங்குதாரர் நிற்பது வரிசையின் கடைசியில். அவர் முறை வரும்போது அண்டாவில் ஒன்றும் இருக்காது.

என் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மொட்டை மாடித் தொட்டி ஒழுகுகிறது என்று வையுங்கள். போன வாரம் நாளுக்கு இரண்டு குடம் ஒழுகியது, இந்த வாரம் ஒரு குடம். சந்தோஷப்படலாமா? தொட்டியில் இன்னும் எத்தனை குடம் இருக்கிறது என்று தெரிந்தால் அல்லவா சொல்ல முடியும்! நூறு குடம் இருந்தால் கொத்தனாரை மெதுவாகக் கூப்பிடலாம். இரண்டு குடம்தான் இருந்தால் நாளை மறுநாள் குளிக்க முடியாது. இன்னொன்றையும் யோசியுங்கள். தொட்டி காலியாகக் காலியாக ஒழுகல் தானாகவே குறையும். விமானங்களைக் குறைத்து ஓட்டினாலும் நஷ்டம் குறையத்தான் செய்யும்.

லாபத்தில் ஓடும் கம்பெனியிடம் லாபம் எவ்வளவு என்று கேட்டால் போதும். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கையில் எவ்வளவு மிச்சம், ஒரு வருஷத்துக்குள் கட்ட வேண்டிய கடன் எவ்வளவு என்பது. இப்போது அதிர்ச்சிக்குத் தயாராகுங்கள். நம் விதிப்படி ஜூன், டிசம்பர் காலாண்டு முடிவுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. சொத்தும் கடனும் காட்டும் பட்டியல், பணம் வந்த வழி போன வழியைக் காட்டும் பட்டியல், இரண்டும் அரையாண்டுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். செப்டம்பருக்கு ஒன்று, மார்ச்சுக்கு ஒன்று. ஜெட் ஏர்வேஸ் கடைசியாகக் கொடுத்த முடிவு டிசம்பர் காலாண்டுடையது. புரிகிறதா? நிற்கப் போகிற கம்பெனியின் கடைசிக் காகிதத்தில் தொட்டி அளவைக் காட்ட வேண்டியதில்லை என்றுதான் விதி சொல்கிறது.

இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. இடைக்கால நிதி அறிக்கைக்கென்றே நம் நாட்டில் ஒரு கணக்கியல் தரநிலை இருக்கிறது. இந்தியக் கணக்கியல் தரநிலை 34. சுருக்கமாகவாவது சொத்து-கடன் பட்டியலும் பணப்போக்குப் பட்டியலும் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஒவ்வொரு காலாண்டு முடிவின் அடியிலும் கம்பெனிகள் அந்த 34-ஐக் கும்பிட்டுத்தான் எழுதுகின்றன. ஆனால் எப்படி எழுதுகின்றன என்று பாருங்கள்: அந்தத் தரநிலையின் "கணக்கில் ஏற்பது, அளவிடுவது" சம்பந்தமான கோட்பாடுகளின்படி தயாரிக்கப்பட்டது. அளக்கிற விதி மட்டும். காட்டுகிற விதியைப் பற்றிப் பேச்சில்லை. மார்க்கைப் புத்தகப்படி போட்டேன், ஆனால் எல்லாப் பாடத்தையும் காட்ட மாட்டேன் என்றால் எந்தத் தலைமையாசிரியர் விடுவார்? செபி விடுகிறது. படிவமே அப்படித்தான்.

இவர்களுக்குப் பணம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாதா? வங்கியில் ஓவர்டிராப்ட் வாங்கியிருக்கும் ஊர்ப்பக்கத்து அரிசி ஆலைக்காரரே மாதாமாதம் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கிறார். கொடுக்காவிட்டால் மேனேஜர் போன் வரும். கடன் கொடுத்தவனுக்கு மாதாமாதம், பங்கு வாங்கியவனுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை. கடன் கொடுத்தவனிடமாவது அடமானம் இருக்கிறது. பங்கு வாங்கியவனிடம் என்ன இருக்கிறது?

சில கம்பெனிகள் கட்டாயம் இல்லாமலே சொல்கின்றன. பேடிஎம் செயலியை நடத்தும் ஒன்97 கம்யூனிகேஷன்ஸ் நஷ்டத்தில் இருந்தபோதும் கையிருப்பு எவ்வளவு என்பதைக் காலாண்டுதோறும் சொல்லி வந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே கம்பெனியிடம் எனக்கு வேறொரு சண்டை இருக்கிறது.

2021 நவம்பரில் 18,300 கோடி ரூபாய்க்குப் பங்கு விற்றது. நம் நாட்டில் அதுவரை நடந்ததிலேயே பெரிய வெளியீடு. ஒரு பங்கு 2,150 ரூபாய். நவம்பர் 18, சந்தைக்கு வந்த முதல் நாளே 27 சதவீதம் விழுந்தது. அதெல்லாம் பழைய கதை. நான் சொல்ல வந்தது 2022 அக்டோபர்-டிசம்பர் காலாண்டு. அந்த மூன்று மாதத்தில் நிகர நஷ்டம் 392 கோடி ரூபாய். ஆனால் ஊரெல்லாம் பரவிய செய்தி, சொன்ன நாளுக்கு முன்பே கம்பெனி செயல்பாட்டு லாபத்தை எட்டிவிட்டது என்பது. எவ்வளவு லாபம்? 31 கோடி. 392 கோடி நஷ்டம் எப்படி 31 கோடி லாபமாகும்? வட்டி, வரி, தேய்மானம் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்தால் வருவதை எபிட்டா என்கிறார்கள். அதிலும் ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுக்கும் சம்பளச் செலவைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் 31 கோடி லாபம்!

பொய்யா என்றால் பொய் இல்லை. எப்படிக் கணக்குப் போட்டோம் என்று எழுதியிருக்கிறார்கள். ஊழியருக்குப் பங்கு கொடுப்பதில் ரொக்கம் வெளியே போகவில்லை என்பது அவர்கள் வாதம். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு காலத்தில் அறுவடைக்கு வந்தவர்களுக்குக் கூலி நெல்லாகத்தான் அளப்பார்கள். மரக்கால் மரக்காலாக நெல்லை அளந்து கொடுத்துவிட்டு, "நான் கூலியே கொடுக்கவில்லை, காசு கையை விட்டுப் போகவில்லையே" என்று எந்த மிராசுதாராவது சொன்னால் ஊர் சிரிக்காதா? நெல் குறைந்தது குறைந்ததுதான். புதுப் பங்கு அச்சடித்துக் கொடுத்தால், ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவரின் பங்கு அந்த அளவுக்குத் தேய்கிறது. அது அவர் கொடுத்த கூலி.

நேர் எதிராகவும் ஒன்று நடந்தது. 2024 ஜூலை-செப்டம்பரில் அதே கம்பெனி 930 கோடி லாபம் காட்டியது. நிகர லாபம், சுத்தமான எண். ஆனால் சினிமா டிக்கெட் விற்கும் தொழிலை ஜொமேட்டோவுக்கு விற்றதில் ஒரே தடவை வந்த ஆதாயம் 1,345 கோடி அதற்குள் இருந்தது. அதைக் கழித்தால் நஷ்டம். அடுத்த காலாண்டிலேயே 208 கோடி நஷ்டம் என்று வந்துவிட்டது. பிறகு 2025 ஏப்ரல்-ஜூனில் 122 கோடி சொச்சம் லாபம் காட்டினார்கள், அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நான் கம்பெனியைக் குறை சொல்லவில்லை. நஷ்டம் வந்தால் "அதையும் இதையும் ஒதுக்கிப் பாருங்கள்" என்பது, ஆதாயம் வந்தால் அப்படியே கூட்டிக் காட்டுவது, அதைத் தலைப்பாக்கிப் பத்திரிகைகள் பரப்புவது, இந்தப் பழக்கத்தைச் சொல்கிறேன். இவர்கள் மட்டும் செய்வதல்ல இது. கணக்குப் பரீட்சையை விட்டுவிட்டு மற்ற பாடங்களில் நான் பாஸ் என்று சொல்லும் பிள்ளையை நாம் பாஸ் போடுவதில்லை.

"டீச்சர், நான் பங்கே வாங்கவில்லை, எனக்கு என்ன" என்கிறீர்களா? நீங்களும் வாங்கியிருக்கிறீர்கள். தெரியாமல் இருக்கிறீர்கள்.

வோடபோன் ஐடியா. 2019 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் அதன் நஷ்டம் 4,874 கோடி. அடுத்த காலாண்டில் 50,921 கோடி. எண்ணைச் சரியாகப் படியுங்கள், ஐம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கோடி, மூன்றே மாதத்தில். இந்தியாவில் எந்தக் கம்பெனியும் அதுவரை ஒரு காலாண்டில் இவ்வளவு இழந்ததில்லை. காரணம், அரசுக்குக் கட்ட வேண்டிய வருவாய்ப் பங்கு எதை வைத்துக் கணக்கிடுவது என்ற வழக்கில் அக்டோபர் 24-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மூன்று வாரத்தில், நவம்பர் 14-ல், முழுச் சுமையும் கணக்கில் ஏறி வெளியே வந்துவிட்டது. இடைக்கால அறிக்கை என்ற ஒன்று எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டுவேன். ஆனால் அந்த வழக்கு வருஷக்கணக்காக நடந்து வந்தது. தோற்றால் இவ்வளவு வரும் என்பது அதுவரை குறிப்புகளில்தான் படுத்திருந்தது.

அந்தக் கம்பெனி அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கியைக் கட்ட முடியாமல், பணத்துக்குப் பதிலாகப் பங்கு கொடுத்தது. 2023-ல் 16,133 கோடிக்கு, 2025-ல் 36,950 கோடிக்கு. இரண்டு தடவையும் ஒரு பங்கு 10 ரூபாய் என்று கணக்கு. இரண்டாவது தடவை கொடுத்தபோது சந்தையில் விலை 10 ரூபாய்க்குக் கீழே இருந்தது. இப்போது ஏறத்தாழ 49 சதவீதம் மத்திய அரசு கையில், அதாவது நம் கையில். வரி கட்டுகிற, தீப்பெட்டி வாங்குகிற ஒவ்வொருவரும் அந்த நஷ்டக் கம்பெனியின் பங்குதாரர். 2024 மார்ச்சோடு முடிந்த வருஷம் நஷ்டம் 31,238 கோடி, அடுத்த வருஷம் 27,383 கோடி. நஷ்டம் குறைந்தது என்று தலைப்பு வரும், வந்தது. 365-ஆல் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 75 கோடி. ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து.

அந்தக் கம்பெனியின் முடிவுகளோடு வரும் ஆடிட்டர் அறிக்கையில், கம்பெனி தொடர்ந்து நடப்பது குறித்துக் கணிசமான நிச்சயமின்மை இருக்கிறது என்று தனிப் பத்தியே இருக்கிறது. காலாண்டு தவறாமல் எழுதுகிறார்கள். எழுதுகிறார்கள், சரி. எங்கே எழுதுகிறார்கள்? நீங்கள் அதைக் கண்டுபிடிக்கப் பக்கம் பக்கமாகத் தள்ள வேண்டும். சிகரெட் பெட்டியில் புற்றுநோய்ப் படத்தை முன்பக்கம் போடச் சொன்ன அரசாங்கத்துக்கு, தானே பாதிப் பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் முன்பக்கத்தில் மூன்று வரி போடச் சொல்லத் தெரியாதா?

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. தொடர்ந்து நஷ்டம் காட்டும் கம்பெனி, முடிவின் முதல் பக்கத்தில் முதல் கட்டத்தில் நிகர நஷ்டம், கையிருப்புப் பணம், பன்னிரண்டு மாதத்துக்குள் கட்ட வேண்டிய கடன், ஆடிட்டரின் எச்சரிக்கை இருந்தால் அது, இவற்றைப் போடட்டும். சொத்து-கடன் பட்டியலையும் பணப்போக்கையும் நாலு காலாண்டுக்கும் கொடுக்கட்டும். அதற்குக் கீழே எபிட்டா, அதன் தம்பி, ஒன்றுவிட்ட சித்தப்பா எல்லாம் போட்டுக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது?

மாணவன் சொன்ன வாதத்தையும் விட்டுவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண் காட்ட வேண்டும் என்பதால் நிர்வாகம் தூர நோக்கு இல்லாமல் அந்தந்தக் காலாண்டுக்காகவே ஓடுகிறது என்று படித்தவர்கள் பலர் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. தேர்வுக்காகவே பாடம் நடத்தும் பள்ளியை நானும் பார்த்திருக்கிறேன். பத்து வருஷம் கழித்துப் பலன் தரும் தொழிற்சாலை கட்டுகிற கம்பெனிக்கு இந்தக் காலாண்டு நஷ்டத்தை வைத்து அடி கொடுப்பது அநியாயம்தான். ஆனால் அதற்கு மருந்து கண்ணை மூடுவதா? "பணம் இவ்வளவு இருக்கிறது, இன்னும் மூன்று வருஷத்துக்குப் போதும்" என்று காட்டினால் பங்குதாரர் பொறுமையாக இருப்பார். பொறுமை வேண்டும் என்று கேட்கிறவன்தான் பையைத் திறந்து காட்ட வேண்டும். மூடி வைத்துக்கொண்டு பொறுமை கேட்டால் பயம்தான் வரும். அதுவும் ஆறு மாதம் மூடி வைத்தால், உள்ளே இருப்பவர்களுக்கும் பெரிய முதலீட்டாளர்களுக்கும் மட்டும் விஷயம் தெரியும். என் அக்காவுக்குத் தெரியாது.

செலவு ஆகிறது என்ற வாதத்துக்கு நான் பதிலே சொல்லப் போவதில்லை. வாரா வாரம் பாடக்குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்கிய சாதியைச் சேர்ந்தவள் நான். எங்கள் சம்பளத்தில் ஸ்டென்சில் வாங்கி வினாத்தாள் அடித்தோம்.

மொழி விஷயம் ஒன்று. பதிவு அலுவலகம் இருக்கும் மாநிலத்தின் மொழியில் வரும் ஒரு நாளிதழிலும் முடிவு விளம்பரம் போட வேண்டும் என்று விதி. அலுவலகம் குஜராத்தில் என்றால் குஜராத்தியில் வரும். பங்கு வாங்கியவர் கும்பகோணத்தில் இருந்தாலும் அப்படித்தான். இப்போது அதையும் சுருக்கி, ஒரு கியூ.ஆர். கட்டத்தைப் போட்டு "ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்" என்று விட வழி செய்திருக்கிறார்கள். எங்கள் அக்காவுக்கு ஸ்கேன் என்றால் ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வரும்.

மாணவன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். கடைசியில், "டீச்சர், நீங்க சொல்றது சரிதான், ஆனா கஸ்டமர் கேக்குறது டார்கெட் என்னன்னு மட்டும்தான்" என்றான். அவன்மேல் கோபமில்லை. போகும்போது ஒரு வேலை கொடுத்து அனுப்பினேன். அவன் அலுவலகத்துக்கு வருகிற பெரியவர் யாராவது நஷ்டக் கம்பெனிப் பங்கு கேட்டால், வாங்கும் முன் அந்தக் கம்பெனியின் கையிருப்பு எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். சரி என்றான். வீட்டுப்பாடம் செய்கிறானா என்று காதுகுத்தன்றைக்குக் கேட்பேன்.

நேற்று சாயங்காலம் அக்கா வந்திருந்தார். மிச்சம் இருக்கும் பங்கை விற்பதா வைப்பதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

"அடுத்த பேப்பர் எப்ப வரும்?"

"பிப்ரவரி 14-க்குள்ள வந்துடணும்க்கா."

"அதுல கையில எவ்ளோ வச்சிருக்காங்கன்னு இருக்குமா?"

"இருக்கணும்னு கட்டாயம் இல்லக்கா. அது டிசம்பர் காலாண்டு. அதுக்கு மே 30 வரைக்கும் பார்க்கணும்."

அக்கா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "புது காலண்டர் வந்ததும் அந்தத் தேதியில ஒரு வட்டம் போட்டுக் குடு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.